பக்கத்து எண்

செவ்வாய் காலை ஒன்பதேகாலிலிருந்து
எங்கள் கந்தோர் எழுதிய எதுவும்
யாரையும் சேரவில்லை.
ரொட்டர்டாமுக்குப் போன கறுவா விலைப்பட்டியல் திரும்பி வந்தது.
தூத்துக்குடிக்குப் போன ரசீது வந்தது.
மருதானைக்கு, நடந்தே போய்க் கொடுத்திருக்கக்கூடிய தூரத்துக்கு
அனுப்பியதும் வந்தது
நெற்றியில் ஒற்றை வரியோடு:
உமது விலாசம் பட்டியலில் இருக்கிறது.

எந்தப் பட்டியல்?
யாரோ எங்கோ எழுதி வைத்திருக்கிறார்கள்.
ஊரெல்லாம் அதைப் பார்த்துத்தான்
கதவைத் திறக்கிறது, அடைக்கிறது.

வாடகை சேர்வரில் எங்களுக்குப் பக்கத்து எண்ணில்
தொப்பை கரைக்கும் தூள் விற்கிறான் ஒருவன்.
ஒரே இரவில் நாற்பதாயிரம் பேருக்கு எழுதியிருக்கிறான்.
முகம் தெரியாது. பெயர் தெரியாது.
ஒரு இலக்கம் தள்ளி இருக்கிறான், அவ்வளவுதான்.
அவனுக்காக
இருநூற்றைம்பத்தாறு கதவுகளையும் சேர்த்துப் பூட்டிவிட்டார்கள்.

"பக்கத்து வீட்டான் களவெடுத்தா எனக்கேன் விலங்கு?"
என்றார் நிஸ்தார் முதலாளி.
எனக்குச் சிரிப்பு வந்தது.
தொண்ணூற்றாறில், கொட்டாஞ்சேனை லொட்ஜில்,
பதினோராம் அறையில் யாரோ தங்கிப் போனானாம்.
பன்னிரண்டாம் அறைக்காரனான நான்
விடியும்வரை பொலிஸ் வாங்கில்.
அடையாள அட்டையை லைட்டுக்கு நேரே பிடித்து
பிறந்த ஊரை மட்டும்
மூன்று தரம் வாசித்தார்கள்.

நீக்கச் சொல்லிக் கேட்க ஒரு படிவம் உண்டு.
காத்திருந்தால் ஏழு நாள், இலவசம்.
காசு கட்டினால் இன்றைக்கே.
கடைசிக் கட்டத்தில் ஒரு வாக்குறுதி கேட்டது.
செய்யாத ஒன்றை
இனிமேல் செய்யமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தேன்.

கீழே கெய்சர் வீதியில் மழை.
நாட்டாமைகள் தள்ளுவண்டியோடு கத்திக்கொண்டு போகிறார்கள்.
கத்தினால் வழி கிடைக்கிற தெரு அது.

பிளேன்டீ ஆறும்வரை செய்ய வேலையில்லை.
என் குழியைத் திறந்து பார்த்தேன்.
ஆம், எனக்கும் ஒரு குழி இருக்கிறது.
உள்ளே வரும் கடிதங்களுக்கு
நானே எழுதிய சட்டம்:
'அவசரம்' என்றால் இரண்டு புள்ளி,
'பணம்' ஒன்றரை,
அறிமுகமில்லாத பெயர் ஒன்று,
வங்கி இலக்கம் இருந்தால் இன்னும் இரண்டு.
ஐந்தைத் தாண்டினால் குழி.
முப்பது நாளில் தானாகவே மண்.

பதினோராயிரம் கிடந்தன.
லொத்தர் விழுந்தவர்கள், தங்கம் புதைத்த விதவைகள்,
என்னைக் காதலிக்கிற ரஷ்யப் பெண்கள்.
அவர்களுக்கு நடுவே
கிராண்ட்பாஸ் களஞ்சியத்தில் கறுவா கட்டும் ஜெசிந்தா:
"ஐயா, அவசரம். மூன்று கிழமைப் பணம் இன்னும் வரவில்லை.
பிள்ளைக்குக் காய்ச்சல். வங்கி இலக்கம் கீழே."

ஆறரைப் புள்ளி.
இருபத்தேழாம் நாள்.

கள்ளனும் கையில் காசில்லாதவளும்
ஒரே சொற்களைத்தான் வைத்திருக்கிறார்கள்.
அவற்றை முதலில் யார் யாரிடமிருந்து எடுத்தது
என்று என் சட்டம் கேட்கவில்லை.

கடிதத்தை அச்செடுத்து
நிஸ்தார் முதலாளியின் மேசையில், கல்குலேட்டருக்கு மேலே வைத்தேன்.
"வந்து சொல்லியிருக்கலாமே" என்றார்.
"சொன்னாள்தானே" என்றேன்.
லாச்சியைத் திறந்தார்.

அன்று மாலை 'அவசரம்' என்ற சொல்லுக்கு
அரைப் புள்ளிதான் என்று மாற்றினேன்.
வியாழன் காலை எழுபது மோசடிகள் உள்ளே.
கணக்குப் பார்க்கும் சுகந்தினி
ஒன்றைத் திறந்துவிட்டு, கொம்பியூட்டர் உறைந்துபோக,
என் பரம்பரையையே திட்டினாள்.
நியாயம்தான்.
அவளிடம் ஜெசிந்தாவைப் பற்றிச் சொன்னேன்.
அதுவும் நியாயம்தான் என்றாள், ஆனால்
திட்டுவதை நிறுத்தவில்லை.

இன்றைக்கு வெள்ளி.
எங்களுக்கு இன்னும் நாலு நாள்.
தூள் விற்றவன் புதன்கிழமையே காலிசெய்துவிட்டானாம்.
புது எண். புது அயல்.
அங்கே ஒரு அச்சகமோ, ஒரு பல் வைத்தியரோ
இந்நேரம் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்,
அது போய்ச் சேரும் என்ற நினைப்பில்.